சட்டப்படி சீராளன் ஒரு திருடன்

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது நடந்தபோது என்னிடம் மோதிரம் எதுவும் கிடையாது. பிறந்ததிலிருந்து அன்றுவரை இந்தப் பத்து விரலும் மொட்டை விரல்தான். ஆனால் போன சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு, ஒன்றியத்தின் சட்டப்படி எனக்கு ஒரு மோதிரம் வந்து சேர்ந்தது. வந்த அதே நொடியில் திருட்டும் போனது.

திருடியவன் சீராளன். என் எதிர் மேசைக்காரன், மெய்ப்புப் பார்த்துப் பிழை திருத்துகிறவன். ஐந்தே முக்கால் அடி உயரம், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா, அடுத்தவர் டப்பாவிலிருந்து ஒரு முறுக்கை எடுக்கக்கூட மூன்று தடவை அனுமதி கேட்கிற ஜென்மம். அவனைத் திருடனாக்கியது நான்தான். ஐயோ, வேண்டுமென்று செய்யவில்லை. முழுக்கக் கேளுங்கள்.

என் பெயர் பொற்கொடி. திருச்சியில் ஒன்றியச் சட்டத் தொகுப்பகத்தில் எடுத்துக்காட்டு எழுதுவது என் வேலை. "அப்படி ஒரு வேலையா?" என்று கேட்காத ஆள் இல்லை. சட்டப் புத்தகத்தைப் பிரித்தவர்களுக்குத் தெரியும். ஒரு பிரிவு இருக்கும், தலையும் புரியாது வாலும் புரியாது. அதன் கீழே, 'எடுத்துக்காட்டு: க என்பவர் ச என்பவருடைய மாட்டை அவர் சம்மதம் இல்லாமல் ஓட்டிச் செல்கிறார்' என்று ஒரு வரி வரும். அதைப் படித்த பிறகுதான் "அட, மாட்டுத் திருட்டா!" என்று விளங்கும். அந்த மாட்டை ஓட்டுகிற ஆள் நான்.

முன்பெல்லாம் ஒன்றியத்தில் நாலாயிரத்துச் சொச்சம் சட்டங்கள் இருந்தனவாம். ஒன்றைத் திருத்த இன்னொன்று, அந்தத் திருத்தத்தைத் திருத்த மூன்றாவது. எது உயிரோடு இருக்கிறது, எது போய்ச் சேர்ந்தது என்று வக்கீல்களுக்கே சந்தேகம். அதனால் எல்லாவற்றையும் கலைத்துக் கொட்டி, பொருள்வாரியாக அடுக்கி, எண் போட்டு, பாகம் பாகமாக ஒன்றியப் பேரவையில் மறுபடி நிறைவேற்றினார்கள். ஒரு பாகம் நிறைவேறி அரசிதழில் வந்துவிட்டால் அதற்குரிய பழைய சட்டங்கள் அத்தனையும் ரத்து. தொகுப்பில் அச்சானது எதுவோ அதுதான் சட்டம். பேரவை நிறைவேற்றியதில் பிழை இருந்தால் பிழையும் சட்டம்தான்.

அதோடு விட்டார்களா? பேருந்துக் கதவு, ஆஸ்பத்திரி டோக்கன், லிஃப்ட், நீங்கள் தோளில் மாட்டியிருக்கும் கைப்பை, எல்லாமே தொகுப்பை நேரடியாகப் படிக்கும்படி செய்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அரசிதழ் வெளியாகும். பன்னிரண்டு மணி ஒரு நொடிக்கு லிஃப்ட் கீழ்ப்படியும். நடுவில் மனுஷன் என்று ஒருத்தன் இருந்து "இது என்ன கூத்து?" என்று கேட்கிற இடமே கிடையாது.

இதை எல்லாம் கட்டி மேய்ப்பது எங்கள் அலுவலகத்து இயந்திரம். அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது, எனக்கே பாதிதான் நினைவிருக்கிறது. நாங்கள் வைத்த பெயர் சம்பந்தி. எத்தனை பார்த்துப் பார்த்துச் செய்தாலும் ஒரு குறை கண்டுபிடித்து, அதையும் மிக மரியாதையாகச் சொல்லும்.

இப்போது தப்பு எங்கே நடந்தது என்பதற்கு வருகிறேன். எடுத்துக்காட்டு எழுதும்போது க, ச, ட என்று வைத்துக்கொண்டு யோசிக்கவே முடியாது. 'க என்பவர் ச-விடம் ட-வின் வண்டியை ப-வுக்குத் தெரியாமல்' என்று நாலு வரி போனால் யார் வண்டி யாரிடம் என்று எனக்கே மறந்துவிடும். அதனால் எங்கள் பிரிவில் ஒரு வழக்கம். வரைவில் பக்கத்து மேசைக்காரர்கள் பெயரைப் போட்டு எழுதுவோம், கடைசியில் எழுத்தாக மாற்றிவிடுவோம். அந்த வாரம் யார் மேல் கடுப்போ அவர்தான் குற்றவாளி. தலைமைத் தொகுப்பாசிரியர் ரஹ்மத்துன்னிசா மேடம் என் வரைவுகளில் மூன்று கொலை செய்திருக்கிறார். ஒன்றில் ஆதாரம் போதாமல் விடுதலையும் ஆனார்.

குற்றவியல் பாகத்தில் பிரிவு 2114, திருட்டு. அதை நான் எழுதிய வாரம் சீராளன் என் பதினான்கு பக்கங்களைச் சிவப்பாக்கி அனுப்பியிருந்தான். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. எழுதினேன்:

'எடுத்துக்காட்டு 1: பொற்கொடியின் மேசைமேல் இருந்த மோதிரத்தைச் சீராளன் அவருடைய சம்மதம் இல்லாமல் எடுத்துச் செல்கிறார். சீராளன் திருடியவர் ஆவார்.'

அந்தப் பக்கம் சீராளனிடம் மெய்ப்புக்குப் போனது. திரும்பி வந்தது. ஒரு சிவப்புக் கோடு கிடையாது! இரண்டு வருஷத்தில் முதல்முறையாக என் பக்கம் ஒன்று வெள்ளையாகத் திரும்பியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மிதப்பில் பெயர்களை மாற்ற வேண்டும் என்பதே நினைவில் இல்லை.

வெள்ளிக்கிழமை. வெளியீட்டு நாள் என்பதால் மேடம் கேசரி கொண்டுவந்திருந்தார். மணி பன்னிரண்டு. சீராளன் கேசரிக் கிண்ணத்தோடு என் மேசைப் பக்கம் வந்தான். சடக் சடக் என்று என் மூன்று இழுப்பறையும் தானாகப் பூட்டிக்கொண்டன. நாற்காலியில் தொங்கிய என் கைப்பை வாயை மூடிக்கொண்டது. அவன் பின்வாங்கினான். திறந்தன. முன்னால் வந்தான். பூட்டின.

"என்னங்க, உங்க பைக்கு என்னைப் பிடிக்கலையா?" என்று சிரித்தான்.

சம்பந்தி தொண்டையைச் செருமாத குறையாகப் பேசியது. "அறிவிப்பு. பிரிவு 2114-இன்படி சீராளன் திருடியவர் ஆவார். தண்டனை மூன்று ஆண்டு. அடுத்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சிறையில் ஆஜராகவும். அதற்கு முன் திருடிய பொருளை உரியவரிடம் ஒப்படைப்பது அவர் கடமை. தண்டனை பெற்றவர் தொகுப்பகத்துக்குள் இருக்கலாகாது. அன்புகூர்ந்து கேசரியை வைத்துவிட்டுச் செல்லவும்."

எனக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. வாயிலிருந்த கேசரியை அவசரமாக விழுங்கினேன்.

"மேடம், பேரை மாத்தல," என்றேன். "மேடம், நான் பேரை மாத்தவே இல்ல!"

மேடம் பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அச்சுப் பிழைன்னா இப்பவே திருத்தச் சீட்டு போட்டுடுவேன்மா. பேரவை நிறைவேத்துனது ஒண்ணு, நாம அடிச்சது வேற ஒண்ணுன்னு இருந்தாத்தான் அது பிழை. இங்க ரெண்டும் ஒண்ணாவே இருக்கே. அவங்க கைக்கு இப்படித்தான் போயிருக்கு, இப்படியேதான் கை தூக்கியிருக்காங்க."

"பேரவையில் ஆதரவு நானூற்றுப் பன்னிரண்டு," என்றது சம்பந்தி. "எதிர்ப்பு இல்லை. விவாதம் இல்லை."

ஒன்பதாயிரம் பக்கம். யார் படித்தார்கள்? சீராளன் திருடன் என்று நானூற்றுப் பன்னிரண்டு பேர் ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறார்கள். என்னை அறியாமல் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவனும் சிரித்தான். மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிக்கிறீங்களா? பேரவை அடுத்துக் கூடறது ஆவணியில. கோர்ட்டுக்குப் போனா ரெண்டு வருஷம். தம்பி உள்ள போறது அடுத்த வெள்ளிக்கிழமை."

அப்புறம் நாங்களும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை அவனோடு சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் போனேன். தனியாக விட மனசு கேட்கவில்லை. அவன் நடக்க நடக்க இரண்டு பக்கமும் கைப்பைகள் சடசடவென்று மூடின. பூக்கடைப் பெட்டி மூடிக்கொண்டது. ஒரு பெரியவரின் டிபன் கேரியர் பூட்டிக்கொண்டு திறக்கவே இல்லை. அவர் பாதி இட்லியோடு எங்களை முறைத்தார். பேருந்து வந்தது, எனக்குக் கதவு திறந்தது, அவன் காலை வைத்ததும் மூடிக்கொண்டது. திறந்தது, மூடியது. டிரைவர் தலையை நீட்டி, "தம்பி, ஏறுறதுன்னா ஏறு, கதவோட விளையாடாத!" என்று சத்தம் போட்டார்.

"நடந்தே போயிடலாங்க," என்றான். "உறையூர் ஒண்ணும் தூரமில்ல."

அவன் அம்மா உறையூரில் மாவுக்கடை வைத்திருக்கிறார். பாதி வழியில் மெதுவாகச் சொன்னான். "நேத்து சாயங்காலம் கடைக்குள்ள போனேன். மாவு வாங்க வந்தவங்க பை எல்லாம் ஒரே நேரத்துல பூட்டிக்கிச்சு. எல்லாரும் என்னையே பாத்தாங்க. அம்மா மாவை அளந்துக்கிட்டே இருந்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, 'நீ மாடியிலயே இருப்பா'ன்னாங்க. அவ்வளவுதான்."

"நீங்க திருடலன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா சட்டத்துல போட்டிருக்குல்ல. 'ஒருவேளை சின்னதா எதாவது எடுத்தியா?'ன்னு ராத்திரி கேட்டாங்க."

நடுத்தெருவில் அழுதுவிட்டேன். என்னை அவன்தான் சமாதானப்படுத்தினான், அந்தக் கூத்தையும் சொல்லத்தானே வேண்டும்.

திங்கட்கிழமை தொகுப்பைக் கையில் எடுத்தேன். இருபத்தாறாயிரம் பிரிவுகளில் ஏதாவது ஒரு மூலையில் ஒரு சந்து இருக்காதா? பொருளடைவில் 'எடுத்துக்காட்டு' என்று தேடினேன். 'பார்க்க: உதாரணம்' என்றது. 'உதாரணம்' என்று தேடினேன். 'பார்க்க: விளக்கம்'. 'விளக்கம்' என்று போனால் 'பார்க்க: எடுத்துக்காட்டு'. எவன்டா இதை எழுதினது என்று பார்த்தால், பொருளடைவில் அந்தப் பகுதி போன வருஷம் நான் செய்தது.

சீராளன் உள்ளே வர முடியாததால் வெளிக் கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கேட்டு பூட்டியே இருக்கும். அதன் கம்பி வழியாக நான் பக்கங்களை நீட்டுவேன், அவன் படித்துத் தருவான். சிவப்புப் பேனாவை மட்டும் விடவில்லை. தன்னை ஜெயிலுக்கு அனுப்பும் சட்டத்திலும் இரண்டு ஒற்றுப்பிழை கண்டுபிடித்தான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவன்தான் கத்தினான். "பொற்கொடி! பிரிவு பதினொண்ணு பாருங்க!"

பிரிவு 11: 'தொகுப்பகம் எந்தப் பிரிவுக்கும் எடுத்துக்காட்டுகளைச் சேர்க்கலாம், நீக்கலாகாது. பின்னது முன்னதை வரையறுக்கும். அவ்வாறு சேர்ப்பதில் கூறப்படுவது உண்மையாக இருத்தல் வேண்டும்.'

கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். நீக்கத்தானே முடியாது? சேர்க்கலாமே! எடுத்துக்காட்டு இரண்டு என்று ஒன்றை எழுதி, வெள்ளிக்கிழமை அரசிதழில் விட்டால் முதலாவது பல்லைப் பிடுங்கிய பாம்பு.

புதன் முழுக்க எழுதினேன். சம்பந்தி முழுக்க மறுத்தது.

'அப்படி ஒரு மோதிரமே இல்லை என்றால்' என்று எழுதினேன். "மோதிரம் உண்டு என்று பேரவை கூறியிருக்கிறது. தங்களிடம் காணாதது, அது திருடப்பட்டதற்கே சான்று," என்றது.

'மோதிரத்தைச் சீராளன் இரவல் வாங்கியிருந்தால்.' "சம்மதம் இல்லை என்று முன்பே கூறப்பட்டுள்ளது."

'மோதிரம் தானாக உருண்டு சீராளனின் பையில் விழுந்திருந்தால்.' "தங்களுக்கு ஓய்வு தேவைப்படலாம்," என்றது. அதை நான் தனியாகக் கவனித்துக்கொள்வேன்.

வியாழக்கிழமை காலை, இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை என்று, பிரிவு 2114-ஐ முதலிலிருந்து ஒழுங்காகப் படித்தேன். நான் எடுத்துக்காட்டு எழுதிய பிரிவை நானே முழுசாகப் படிப்பது அதுதான் முதல் தடவை என்பதை யாரிடமும் சொல்ல வேண்டாம். கடைசியில் விலக்குகள் இருந்தன. நாலாவது விலக்கு: 'கணவன் மனைவிக்குள்ளோ, மணம் செய்துகொள்ள ஒப்புக்கொண்டவர்களுக்குள்ளோ ஒருவர் பொருளை மற்றவர் எடுப்பது திருட்டு ஆகாது.'

படித்தேன். திரையை மூடினேன். தண்ணீர் குடித்தேன். மறுபடி திறந்து படித்தேன்.

ரஹ்மத்துன்னிசா மேடம் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "நாலாவது விலக்கைப் படிச்சியா?"

"படிச்சேன் மேடம்."

"அப்புறம் என்ன யோசனை? ஏன் பொற்கொடி, அவனைப் பிடிக்காதா உனக்கு?"

பிடிக்கும். இரண்டு வருஷமாகப் பிடிக்கும். அந்தச் சிவப்புக் கோடுகளை வாங்குவதற்கென்றே அவன் பார்க்கும் நாளில் இரண்டு பக்கம் கூடுதலாக எழுதி அனுப்பியிருக்கிறேன். மத்தியானம் அவன் வராத நாளில் எனக்குச் சோறு இறங்காது. அதையெல்லாம் சொல்லவில்லை. வேறொன்றைச் சொன்னேன்.

"மேடம், அவரை நான்தான் மாட்டிவிட்டேன். இப்போ போய், 'வெளிய வரணும்னா என்னைக் கட்டிக்கோ'ன்னு கேட்டா அதுக்குப் பேரு காதலா, கடத்தலா? அவரு பயத்துல சரின்னுதான் சொல்வாரு. வாழ்நாள் பூரா அந்த மூஞ்சியை நான் எப்படிப் பாக்கறது?"

மேடம் என் தோளைத் தட்டினார். "நீ கேக்க வேணாம். முடியுமான்னு மட்டும் சம்பந்தியைக் கேப்போம்," என்று வரைவைத் தட்டினார்: 'எடுத்துக்காட்டு 2: ஆனால் சீராளனும் பொற்கொடியும் மணம் செய்துகொள்ள ஒப்புக்கொண்டவர்கள் ஆதலால், மேற்படி செயல் திருட்டு ஆகாது.'

சம்பந்தி வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டது.

"ஏற்பதற்கில்லை. சிறைக்கு அஞ்சித் தரும் சம்மதம் சம்மதம் ஆகாது. பிரிவு 309, எடுத்துக்காட்டு 3. அந்த எடுத்துக்காட்டை எழுதியவர் பொற்கொடி. மிக நன்றாக எழுதப்பட்டுள்ளது."

போச்சு. நான் வெட்டிய குழி, நானே விழுந்தேன், விழுந்தது நன்றாக இருக்கிறது என்று பாராட்டு வேறு.

"ஆயினும்," என்றது சம்பந்தி, "அச்சம் தோன்றுவதற்கு முன்பே விருப்பம் இருந்தது என்பதற்கு எழுத்துச் சான்று இருப்பின் மறுபரிசீலனை செய்யப்படும்."

எழுத்துச் சான்றா? அவன் எனக்கு எழுதியதெல்லாம் 'சந்திப்பிழை', 'வாக்கியம் முடியவில்லை', 'இது யாருடைய மாடு?' இவ்வளவுதான். அன்று சாயங்காலம் கேட்டருகில் போனேன். நாலாவது விலக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒன்றும் அகப்படவில்லை என்று மட்டும் சொன்னேன்.

"விடுங்க. உள்ள நூலகம் இருக்குமாம்," என்றான். "நீங்க புதுசா எழுதறதை அனுப்பி வைங்க, பாத்துத் தர்றேன்."

வெள்ளிக்கிழமை. மணி பதினொன்று. எல்லாம் கைவிட்ட நிலையில், அந்தப் பாழாய்ப்போன பக்கத்தை யார்தான் அச்சுக்கு விட்டது என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஒவ்வொரு பிரிவுக்கும் வரலாற்றுக் குறிப்பு உண்டு. யார் எழுதினார், யார் தொட்டார், எப்போது என்று ஒரு எழுத்து விடாமல் அதில் இருக்கும். வக்கீல்கள்கூட அவ்வளவு ஆழத்துக்குப் போவதில்லை. 2114-இன் குறிப்பைத் திறந்தேன்.

'பங்குனி 19. சம்பந்தப்பட்ட வரியில் உண்மையான நபர்களின் பெயர்கள் உள்ளன. எழுத்துகளாக மாற்றலாமா?' என்று இயந்திரம் கேட்டிருக்கிறது.

கீழே பதில். 'இருக்கட்டும். இந்த இரண்டு பெயரும் ஒரே வரியில் வருவது இதுதான் முதல் தடவை. ஒரு வாரம் பார்த்துக்கொள்கிறேன். கடைசி மெய்ப்பில் மாற்றிவிடுவேன். சீராளன்.'

அதன் கீழே: 'வரியில் செலவிட்ட நேரம்: நாற்பத்தேழு நிமிடம்.'

அதற்கும் கீழே: 'பக்கத்தில் திருத்தம் எதுவும் இல்லாததால் கடைசி மெய்ப்பு தேவைப்படவில்லை. நேரடியாக அச்சுக்கு அனுப்பப்பட்டது.'

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. படியில் இரண்டிரண்டாக இறங்கினேன். மேடம் "ஏய் பார்த்து!" என்று பின்னாலேயே ஓடிவந்தார். கேட்டுக்கு எதிரே அவன் டீயை ஊதிக்கொண்டிருந்தான், சாயங்காலம் சிறைக்குப் போகிறவன் மாதிரியே இல்லை. காலடியில் ஒரு துணிப்பை. இரண்டு சட்டை, ஒரு துண்டு, மூன்று சிவப்புப் பேனா.

"லூசா நீ?" என்று கத்தினேன். இரண்டு வருஷத்தில் அவனை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. "திருத்தம் இல்லாத பக்கம் நேரா அச்சுக்குப் போயிடும்னு உனக்குத் தெரியாதா? நீயெல்லாம் ஒரு மெய்ப்புப் பாக்கறவனா?"

டீ கிளாஸ் அந்தரத்தில் நின்றது. "பாத்துட்டீங்களா?"

"நாப்பத்தேழு நிமிஷம்! ஒரே வரியை!"

"தெரியும்ங்க. அன்னிக்கு மறந்துட்டேன்." அவன் முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது. "அந்தப் பக்கத்துல மேல ஒரு கமா கூட விட்டுப்போச்சு. அதையும் கவனிக்கல."

"என்னைப் பிடிக்கும்னு இத்தனை நாளா ஏன்டா சொல்லல?"

"சொன்னா, உங்களாலதான் மாட்டிக்கிட்டேன்னு நினைச்சு நீங்க பாவம் பாத்து சரின்னுடுவீங்களோன்னு பயந்தேன். பாவம் பாத்து வேணாம்னு தோணுச்சு."

அட கடவுளே! ஒரு வாரமாக இரண்டு பேரும் ஒரே காரணத்துக்காக வாயை மூடிக்கொண்டு, கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இருபத்தாறாயிரம் பிரிவைப் புரட்டியிருக்கிறோம்.

"எனக்கு ஒண்ணும் பாவமா இல்ல," என்றேன். "ரெண்டு வருஷமா இல்ல. என்னைக் கட்டிக்கிறியா? ஜெயிலை மறந்துட்டுச் சொல்லு. வேணாம்னா வேணாம்னு சொல்லு, வேற ஏதாவது எழுதறேன். மோதிரத்தைக் காக்கா தூக்கிட்டுப் போச்சுன்னு எழுதறேன்."

டீக்கடைக்காரர் அடுப்பைத் தணித்துவிட்டார். பெஞ்சில் இருந்த நாலு பேரும் டீ குடிப்பதை நிறுத்தியிருந்தார்கள்.

"கட்டிக்கிறேன்," என்றான். "காக்கா எல்லாம் வேணாம்."

"மணி பதினொண்ணு நாப்பத்தெட்டு!" என்று மேடம் கத்தினார். "கொஞ்சறதெல்லாம் அப்புறம். கேட்டுல கைரேகை வை தம்பி. பொற்கொடி, நீயும் வை."

வைத்தோம். கேட்டு ஒலிபெருக்கியில் சம்பந்தி வந்தது. நான் வரலாற்றுக் குறிப்பைச் சான்றாகக் காட்டினேன். பங்குனி 19. குற்றம் பிறப்பதற்கு மூன்று வாரம் முன்பு. அப்போது சிறையும் இல்லை, அச்சமும் இல்லை.

"சான்று பார்க்கப்பட்டது," என்றது சம்பந்தி. "ஒரு குறை உண்டு. ஒரே வரியில் இருக்க விரும்புவதும் மணம் செய்ய விரும்புவதும் ஒன்றாகுமா? தொகுப்பில் இதற்கு வரையறை இல்லை."

வரையறை இல்லாத இடத்தில் பொருள் கொள்ளும் அதிகாரம் தலைமைத் தொகுப்பாசிரியருக்கு உண்டு. ரஹ்மத்துன்னிசா மேடம் முப்பது வருஷமாக அந்த அதிகாரத்தை எதற்கும் பயன்படுத்தியதில்லை. மூச்சு வாங்க நின்றவர், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேட்டைப் பார்த்து அதட்டினார்.

"ஆகும்! நாப்பத்தேழு நிமிஷம் பாத்திருக்கான். ஆகும்னு போடு!"

"ஐயப்பாடு பதிவு செய்யப்படுகிறது," என்றது சம்பந்தி. "ஏற்கப்பட்டது."

பன்னிரண்டு மணி. ஒரு நொடி. கேட்டு க்ளிக் என்று திறந்தது. டீக்கடையில் ஒரு அம்மாவின் கைப்பை அவன் பக்கத்திலேயே வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. தெருமுனையில் வந்த பேருந்து நிறுத்தம் இல்லாத இடத்தில் நின்று, அவனுக்காகக் கதவைத் திறந்து காட்டியது. நாங்கள் ஏறவில்லை. ஆனாலும் அவன் அதற்குக் கும்பிடு போட்டான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு டீக்கடை வாசலில் சுற்றினேன். முப்பத்தொரு வயசுப் பெண், ஒன்றிய அரசு ஊழியர், கொஞ்சமும் வெட்கமில்லாமல் சுற்றினேன். டீக்கடைக்காரர் எல்லாருக்கும் சமோசா கொடுத்தார்.

சாயங்காலம் உறையூருக்குப் போனோம். மாவுக்கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவன் உள்ளே நுழைந்தான். ஒரு பைகூட அசையவில்லை. அவன் அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு வந்து அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "உன்னைப் போய்க் கேட்டுட்டேனேப்பா," என்று ஒரே அழுகை. அப்புறம் என்னைப் பார்த்து, "இந்தப் பொண்ணுதான் மோதிரத்துக்காரியா?" என்றார்.

நாங்கள் இன்னும் எடுத்துக்காட்டாகத்தான் இருக்கிறோம். நீக்க முடியாதே! ஒன்றியம் முழுக்க சட்டம் படிக்கிற பிள்ளைகள் எங்களை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள். பரீட்சையில் 'சீராளன் பொற்கொடி வழக்கை விளக்குக' என்று கேட்கிறார்களாம். வரைவில் இனிமேல் யார் பெயரையும் போடக் கூடாது என்று மேடம் சுற்றறிக்கை அனுப்பினார். அதற்கு மாதிரியாக அவர் எழுதிய எடுத்துக்காட்டில் அவருடைய மருமகன் பெயர் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை காலை என் மேசைக்கு வந்தபோது, நடுவில் ஒரு சின்ன டப்பா இருந்தது. சீராளன் எதிர் மேசையில் ஒன்றும் தெரியாதவன் மாதிரி ஒரு பக்கத்தைச் சிவப்பாக்கிக்கொண்டிருந்தான்.

"என்ன இது?"

"உன் மோதிரம்தான்," என்றான். "திருட்டு இல்லன்னு ஆயிடுச்சு. ஆனா எடுத்தது எடுத்ததுதானே? சட்டத்துல இன்னும் அப்படித்தான் இருக்கு. திருப்பிக் கொடுத்துடலாம்னு."

போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் பெரிதாக இருந்தது, விரலில் சுற்றிக்கொண்டே வந்தது. சம்பந்தி உடனே குறை கண்டுபிடித்தது. "அளவு பொருந்தவில்லை," என்றது. சீராளன் பதறிப்போய் எழுந்தான்.

"கொடு, மாத்திட்டு வந்துடறேன்."

நான் விரலை மடக்கிக்கொண்டேன்.

"இருக்கட்டும்," என்றேன்.